தறிச் சத்தத்தில் பேசக் கற்றவர்கள்

அண்ணா,

அப்பாவின் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். உதடு மட்டும் அசைகிறது. தறி இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிய குடும்பத்துக்கு அது போதும்.

முன்கூட்டியே அறிவித்த வேலைநிறுத்தம் குற்றமல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மில் வாசலில் அப்பாவையும் மற்றவர்களையும் அடித்த காவலாளிகள்மீது வழக்கு. நாளை நான் சாட்சி. கல்லூரியில் பட்டம் வாங்கியதைத் தவிர எந்த மேடையும் ஏறாதவள் நான்.

அன்றைய கூச்சலில் மேலாளரின் உதட்டைப் பார்த்தேன். "அந்தக் கிழவன் வாயை உடைடா." காவலாளி உடையில் நீ தடியை ஓங்கினாய். உன் உதடும் அசைந்தது. "குனிஞ்சுக்கோங்கப்பா." அப்பாவும் அதைப் பார்த்தார், குனியவில்லை. பல்லும் ரத்தமும் என் சட்டையில் தெறித்தன. அவர் விழுந்த பிறகும் அடித்தாயே, அப்போது உன் உதடு அசையவில்லை.

"மேனேஜரை மட்டும் சொல்லும்மா. அண்ணன் நம்ம புள்ள. படிச்சவளுக்கு இதுகூடவா தெரியாது?" என்கிறார் அப்பா. அம்மா அவர் வாயைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், "குனிஞ்சுக்கோங்கப்பா" உட்பட. அதற்குமுன் நீயே வந்து சொல்வதென்றால் சொல்.

இந்த முறை சத்தமாக.

உன் தங்கை