ஹிசாகோ கேட்காத நாள்

டூங்கபி, சிட்னி
12-9-1976, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் கமலினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் தம்பியும் நானும் இங்கே சுகம், நீயும் மருமகனும் சின்னவளும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகன் துணை நிற்பான். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. இந்த நாலு நாளில் அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை, குசினி மேசையில் படித்தேன், ரயிலில் படித்தேன், வேலையில் தேநீர் நேரத்தில் லிப்டுக்குப் பக்கத்தில் நின்றும் படித்தேன். பிள்ளை சந்தோஷமாய்த்தானே எழுதியிருக்கிறாள், நீங்கள் ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்து திரியிறியள் என்று அம்மா நேற்றுக் கேட்டா. டெலிபோன் எடுக்கலாம் என்று பார்த்தால் அது உன் மாமனார் வீட்டில்தான் அடிக்கும், அவர் பக்கத்தில் இருக்க நீ என்னத்தைப் பேசுவாய். தந்தி அடிப்போம் என்று தபாற்கந்தோர் வரை போய், படிவம் வாங்கி, ஹிசாகோ கவனம் என்று இரண்டு சொல் எழுதிப் பார்த்தேன். வாசிக்கிறவன் உன் கீழே வேலை செய்யும் அந்த நேர்ஸ் பிள்ளையைக் கள்ளி என்றல்லவா நினைப்பான். கிழித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கடிதம் போய்ச் சேர எட்டு நாளாகும். இருபத்தைந்தாம் திகதி நேர்ஸ்மாரின் அடுத்த மாத வேலைப் பட்டியல் சுவரில் ஏறிவிடும் என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்குள் கிடைக்க வேண்டும், அதுதான் என் யோசனை முழுக்க.

வீட்டுப் புதினத்தை முதலில் சொல்லி முடிக்கிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபிப்பா. தம்பி சிறிதரன் இந்த முறை பள்ளிக்கூடச் சோதனை நன்றாகச் செய்ததாகச் சொல்கிறான், நாங்கள் தமிழில் கேட்கிறோம், அவன் இங்கிலீசில் பதில் சொல்கிறான், அதனால் எவ்வளவு நன்றாக என்று எனக்கு விளங்கவில்லை. பின்வளவில் அம்மா நட்ட கறிவேப்பிலை குளிருக்குப் பிழைத்துவிட்டது. விக்னராஜா குடும்பம் போன சனிக்கிழமை வந்து போனது, உன் பதவியைப் பற்றி அம்மா அவர்களுக்கு இரண்டு முறை சொன்னா. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. உன் மாமனார் தன்னுடைய அறுபது கட்டில் ஆஸ்பத்திரியின் நேர்ஸ்மார் எல்லாரையும் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்றால், லண்டனில் நீ படித்த படிப்பையும் அவர்களுடைய ஜப்பான் பாஷையைப் படிக்க நீ பட்ட பாட்டையும் அவர் கண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இனி ஹிசாகோவுக்கு வருகிறேன். சுவரில் தொங்கும் தாளில் லீவு வேண்டிய நாளில் எல்லாரும் சின்ன வட்டம் போடுவார்கள் என்றும், லீவு எடுத்தவள் திரும்பி வரும்போது ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்து, உங்களுக்குக் கஷ்டம் கொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து கொடுப்பாள் என்றும் எழுதியிருந்தாய். ஹிசாகோ மட்டும் இரண்டு வருஷமாக ஒரு வட்டமும் போட்டதில்லை, அவளால்தான் உன் பட்டியல் ஓடுகிறது, போன மாதம் பதின்மூன்று இரவு நின்றாள், கேட்டால் சிரித்துக்கொண்டு பரவாயில்லை என்கிறாள் என்று அவளைப் புகழ்ந்திருக்கிறாய். கல்யாணம் கட்டி இரண்டு பேர் விலகுவதால் ஒக்டோபரிலிருந்து இரண்டாம் மாடி இரவு வேலையை அவளிடம் தனியாகவே விடப்போகிறாயாம். அதோடு ஒரு பகிடியும் எழுதியிருந்தாய், ஒரே கிழவியின் காய்ச்சலை அவள் இரண்டு பேருடைய அட்டையில் எழுதிவிட்டாள், காலையில் பார்த்து இருவரும் சிரித்தோம் என்று. மகள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இதை உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருஷம் நேர்ஸாக நின்றவன் இங்கே என் பத்திரம் செல்லாது என்றபடியால் வார்ட்ஸ்மனாக நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிகிறேன், அது உனக்குத் தெரியும், அதில் எனக்கு மனக்குறை கிடையாது. எங்கள் வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் டோலனின் அறையிலும் சிவப்பு மட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கிறது, லீவு வேண்டியவர்கள் அதில் எழுத வேண்டும். வந்த முதல் கிழமை அந்த சிஸ்டர் என்னிடம், உங்கள் நாட்டு ஆட்கள் ஒன்றும் முறைப்பாடு சொல்வதில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னா. அவ நல்ல மனுசி, பாராட்டாகத்தான் சொன்னா. ஆனால் அன்றைக்குப் பிறகு என்னால் அந்தக் கொப்பியைத் தொட முடியவில்லை. மூன்று வருஷம். தம்பியின் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குப் போகவில்லை, அம்மாவுக்குப் பல் பிடுங்கிய அன்றைக்கும் போகவில்லை. மற்றவன் ஒவ்வொருவனும் மீன் பிடிக்கப் போகவும் குதிரை ஓட்டம் பார்க்கவும் எழுதுவான், அவன் விட்ட இரவை எனக்குப் போடுவார்கள், நான் ஓம் என்பேன். பெரிய மனுசன் என்று எனக்குள்ளே ஒரு எண்ணம் வேறு.

ஓகஸ்ட் மாதம் வரிசையாக எட்டு இரவு நின்றேன். எட்டாவது இரவு விடிந்து வீட்டுக்கு வெளிக்கிடும் நேரம், ஒருவரை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு இத்தாலிக் கிழவர்கள், ஒருவருக்குக் குடலிறக்கம், மற்றவருக்கு இருதய வருத்தம். நேர்ஸ் தாள்களை எடுக்கப் போன இடைவெளியில் நான் இருதயக்காரரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். கையில் கட்டிய பெயர்ப் பட்டியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் கட்டிலைத் தொடாதே என்று யாழ்ப்பாணத்தில் எத்தனை பிள்ளைகளை ஏசியிருப்பேன். அந்த மனுசனுக்கு இங்கிலீஷ் தெரியாது, எந்தப் பெயரைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டினார். ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் நின்ற வேறொரு சிஸ்டர் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தபடியால் அவர் உயிரும் என் மானமும் தப்பியது. சிஸ்டர் டோலன் என்னைத் தனியே கூப்பிட்டு, களைத்துப் போனாயா, ஓய்வு வேண்டுமா என்று ஆதரவாகக் கேட்டா. எனக்கு ஒன்றுமில்லை, சுகமாகத்தான் இருக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, அந்தச் சொல் தானாக வாயில் வந்தது. வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு படுத்தவனுக்கு நித்திரை வரவில்லை, இன்றுவரைக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவ என் வேலைச் சப்பாத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து வெளியே எடுத்து வைத்தா.

அதனால் நான் உன்னிடம் கேட்பது இதுதான். ஹிசாகோவிடம் லீவு வேண்டுமா என்று கேட்காதே. கேட்டால் பரவாயில்லை என்பாள், நீயும் அதை நம்பிவிடுவாய், உனக்கும் அது வசதிதானே. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, என்னைப்போல ஒருத்தி கீழே இருந்தால் பட்டியல் போடுகிறவருக்கு நிம்மதி, அதைத்தான் சொல்கிறேன். நீயே ஒரு நாளை, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் முடிந்தால் இன்னும் நல்லது, அவளுடைய பெயருக்கு நேரே வட்டம் போட்டுவிடு. அந்த இனிப்புப் பெட்டியும் வேண்டாம் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடு, மேலிடத்து உத்தரவு என்று சொல், அப்போதுதான் அவளால் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போக முடியும். இரண்டாம் மாடியில் இரவுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று மாமனாரிடம் பேசு. மருமகள் பதவிக்கு வந்து ஆறு மாதத்தில் இப்படியா என்று அவர் நினைக்கலாம், நினைக்கட்டும். ஆள் கிடைக்கும் வரைக்கும் நீ நேர்ஸ்தானே, நீயும் ஒரு சில இரவு நில். அங்கே நிற்காமல் அவள் நித்திரை முழிக்கிற பாரம் உனக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு வயது போய்ப் பயம் பிடித்துவிட்டது என்று மருமகனிடம் சொல்லிச் சிரித்தாலும் சிரி, ஆனால் இருபத்தைந்தாம் திகதிக்கு முன்னால் செய்.

முதல் வரியில் நான் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. வெட்டினால் அம்மா பயப்படுவா என்று அப்படியே விட்டிருக்கிறேன். சின்னவளுக்கு எங்கள் முத்தம், மருமகனுக்கும் மாமன் மாமிக்கும் எங்கள் அன்பைச் சொல். குளிர் தொடங்க முன்னர் அம்மா பின்னிய கம்பளிச் சட்டை வந்து சேரும். தமிழில் நாலு வார்த்தையாவது குழந்தையோடு பேசு. எல்லா நலமும் பெற்று, உன்னை நம்பி நிற்கிற பிள்ளைகளுக்கும் நிழலாக இரு என்று ஆசீர்வதிக்கிறேன். இப்போது வேலைக்கு வெளிக்கிட வேண்டும், சப்பாத்து வாசலில் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
கணேசலிங்கம்

பி.கு. திங்கள் காலை. இரவு வேலை முடிந்து தபாற்கந்தோர் திறக்கும் வரை வெளியே நின்று இதை எழுதுகிறேன். உனக்கு அவ்வளவு புத்தி சொன்னவன் கொப்பியைத் தொடாமல் வர வெட்கமாக இருந்தது. சிஸ்டர் வர முன்னரே அவவின் அறைக்குப் போய் அந்தச் சிவப்புக் கொப்பியில் லீவு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன். அவ வந்து பார்த்து, ஒரு சொல்லும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டா. மூன்று வருஷம் நான் பயந்தது இவ்வளவுக்குத்தான். பதில் எழுதும்போது என் சுகம் விசாரிக்காதே. ஹிசாகோவுக்கு எந்த நாள் என்று மட்டும் எழுது. என்னுடையது இருபத்தெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை.