அப்பாவின் உப்புத் தொட்டி

சரஸ்வதிபுரம், மைசூர்

அன்புள்ள மனிஷாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். சண்டிகர் குளிரில் நீங்கள் மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். உன் லீலா அத்தை எல்லோரிடமும் சொல்லிவருவதுபோல எனக்குப் புத்தி பிசகவில்லை, அவளை வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை. அவள் கொள்ளேகால் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது நான் பின்பக்கம் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன், வாசல்வரை போகவில்லை, நடந்தது அவ்வளவுதான்.

அப்பாவின் வருஷத் திதிக்காக முன்கூட்டியே வந்திருந்தாள். நம் வீட்டுப் படையலில் உப்பு சேர்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும். நான் பூ வாங்க மார்க்கெட் போன நேரத்தில், சமையலறை உப்பை எடுத்து ஒளித்ததோடு நிற்காமல், காய்ந்த கரும்பு இலைச் சோகையில் அப்பா பூஞ்சை வளர்த்த தொட்டியிலிருந்த உப்புத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் நிரப்பிவிட்டாள். கேட்டதற்கு, வீட்டுல உப்பு இருந்தா அண்ணன் இலையைத் தொடமாட்டாருங்க அண்ணி, அந்தப் பூஞ்சையும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் உப்புத் தண்ணியே குடிக்கும் என்றாள். ஆசையாகச் செய்தவளிடம் என்ன சொல்வது. அந்தப் பூஞ்சை உப்பைத் தாங்கும், மற்றவை தாங்காது, அதனால் உப்புதான் அதற்கு வேலி. வேலி போன சில நாளில் தொட்டி முழுக்க வேறு பச்சைப் பூஞ்சை ஏறிவிட்டது. உப்பைத் திரும்பக் கரைத்து ஊற்றினேன், சோகையை மாற்றினேன், அப்பாவுடைய பூஞ்சையின் அந்தச் சாம்பல் நிறம் வரவேயில்லை. அண்ணன் விட்டுப்போனதைத் தன் கையாலேயே அழித்துவிட்டது லீலாவுக்குத் தெரிய வேண்டாம், நீயும் சொல்லாதே.

மண்டியா பக்கம் உப்புப் பூத்த ஒரு வயலில் அப்பா அதைக் கண்டெடுத்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். உவர்த் தண்ணீரிலும் இதன் நொதி சோகையை மக்கவைக்கிறது, இனி விவசாயிகள் அதைக் கொளுத்த வேண்டாம் என்று சாப்பிடக்கூட மறந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் வேலைபார்த்த ஆய்வுக்கூடத்தில் இருந்த பூஞ்சையை அவர் ஓய்வுபெற்ற பிறகு யாரும் கவனிக்கவில்லை. அவர் போனபின் தினமும் எழுந்ததும் நான் அந்தத் தொட்டியைத்தான் போய்ப் பார்ப்பேன். இப்போதும் கால் அங்கேதான் போகிறது. பூஞ்சை செத்துப்போனது என்று யாரிடம் சொல்லி அழ முடியும்.

நீ வேலைபார்க்கும் கல்லூரிக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி, அதே பூஞ்சையைப் போட்டு அப்பா உன்னிடம் கொடுத்தனுப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றுதான் இனி மிச்சம். அவ்வப்போது புது ஊட்டத்துக்கு மாற்றாவிட்டால் அதுவும் போய்விடும் என்று எனக்கே தெரியும். உனக்குக் குழந்தை பிறந்தது, வேலை கூடியது. அப்பா கடைசிவரை உன்னிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை, புள்ளைக்குச் சங்கடம், விடு என்று என்னையும் தடுத்தார். இப்போது நான் கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி. குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. போனில் கேட்டால் அம்மா மனம் நோகக் கூடாது என்று குழாய் பத்திரமாக இருக்கிறது என்பாய். எழுதும்போது நீ பொய் சொல்ல மாட்டாய். அது உயிரோடு இருக்கிறதா இல்லையா, எதுவானாலும் உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா