மிதியாத, மச்சான்

மச்சான்,

காலையில் மணல் லொறி ஒன்று வாசல் படலைக்கு முன்னால் போனது. பின்பக்கத்தால் தண்ணீர் ஒழுகி, றோட்டு நெடுக ஈரக் கோடு. அந்தப் பச்சை மணல் வாசம் முற்றத்துக்குள் வந்ததும் நீயும் வந்துவிட்டாய். எனக்கு எழுத்துத் தெரியாதென்பது நீ அறிந்ததுதானே. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

ஆற்றின் மருதமரத்து வளைவில் நாம் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவோமே, ஞாபகமிருக்கா? செல்வன் மீன் மணலில் சட்டி போலக் குழி பறித்துத்தான் முட்டையிடும். கலங்கல் தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். குழி தட்டுப்பட்டவன் "இஞ்ச ஒண்டு!" என்று கத்துவான். மற்றவன் "மிதியாத, மச்சான்!" என்பான். அந்த இடத்தில் ஒரு மருதங்கம்பை நட்டுவிட்டு, வலையைத் தள்ளி வீசுவோம். குஞ்சு பெருகிப் போகும் மட்டும் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை.

சுனாமி உன் கடற்கரை வீட்டையும் மனைவியையும் கொண்டுபோன பிறகு, என் வீட்டு வளவிலேயே குடிசை போட்டாய். உன்னிடம் மிஞ்சியது, வேலியில் சிக்கிக் கிடந்த அவளுடைய சிவப்புச் சேலை ஒன்றுதான். பிறகு நாட்டில் சண்டையும் முடிந்தது. பார்த்த இடமெல்லாம் வீடு கட்டத் தொடங்கினார்கள். ஆற்றுக்குள் மணல் அள்ளும் மிசின் இறங்கியது. நம் கம்புகளைச் சாய்த்துக்கொண்டு லொறி லொறியாக மணல் ஏற்றினார்கள். ஒரு நாள் பார்த்தால், நீ அந்தச் சேலையைக் கிழித்துக் கம்புகளில் கட்டிக்கொண்டிருக்கிறாய்.

"என்னகா இது? அவளிட சேலையயா கிழிக்கிறாய்?"

"பெட்டிக்குள்ள கிடந்து என்ன செய்யப்போகுது? மிசின்காரன்ட கண்ணுக்குப் படட்டும்."

பட்டது. ஆனால் நீ நினைத்த மாதிரி இல்லை. சிவப்பு அடையாளத்தைக் கண்டால் ஆரும் கால் வைக்காத காலம் அது. மிசின்காரர்கள் கண்ணிவெடி என்று நினைத்து, திரும்பிப் பாராமல் ஓடினார்கள்.

"நான் வாயே திறக்கல்ல மச்சான். செல்வன் மீன் வெடி புதைச்சிருக்கான் எண்டு அவனுகள் நினைச்சா, நான் என்ன செய்ய?" என்றாய்.

மனைவி போன பிறகு நீ வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அந்த முறை வளைவு முழுக்கக் குஞ்சு மொய்த்தது.

அடுத்த முறை அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கம்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வளைவைக் கிணறு போலத் தோண்டியிருந்தார்கள். அது தெரியாமல் நீ புதுக் கம்புகளோடு இறங்கினாய். நான் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தேன். உன் கால் அறிந்த தரை அங்கே இல்லை. மணல் விளிம்பு சரிந்து உன்னை உள்ளே இழுத்தது. நான் பாய்ந்து வருவதற்குள் கம்புகள் மட்டும் மிதந்தன. கடல் விட்டுவைத்த ஆளை, இடுப்பளவு ஆறு எடுத்தது.

போன கிழமை கம்பஸில் படிக்கிற சில பிள்ளைகள் வந்தார்கள். மணல் அள்ளியதால் ஆற்று மீனுக்கு என்ன கேடு என்று ஊரூராய்க் கேட்கிறார்களாம். பொறுமையான பிள்ளைகள். செல்வன் குழி பறிக்க இடமில்லை, அயிரை புதைய மணலில்லை, கரை இடிந்து விரால் ஒதுங்கும் புல்லும் போச்சு என்றேன்.

"வேற ஏதும் இழப்பு இருக்கா, ஐயா?"

உன் பெயரைச் சொன்னேன்.

"நாங்க மீனைப் பற்றித்தான் கேக்கிறம், ஐயா" என்றாள் ஒருத்தி, மெதுவாக.

"நானும் மீனைப் பற்றித்தான் பிள்ள சொல்றன்" என்றேன்.

அவர்கள் போனபின் வயல் வட்டை வரம்பால் நடந்து ஆற்றுக்குப் போனேன். வளைவுக்குக் கீழே கொஞ்சம் மணல் திரும்பவும் படிந்திருக்கிறது. தடியை ஊன்றி ஊன்றி இறங்கினேன். வலது காலில் தட்டுப்பட்டது. சட்டி போல, விளிம்போடு, ஒரு குழி. என்னை அறியாமல் கத்திவிட்டேன்: "இஞ்ச ஒண்டு!"

தண்ணீர் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. தூக்கிய காலோடு அப்படியே நின்றேன், மச்சான், உன் சத்தம் வராமல் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்.