கிணற்றுக்காரிக்கு முதலிடம்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக, அடி அண்ணாமலையில் சுக்குக் காபிக் கடை வைத்திருக்கும் என் அப்பாவிடமும், செங்கத்திலிருந்து வந்திருக்கும் என் அத்தையிடமும். படித்திருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். இது என் அம்மாவுக்கு எழுதியது.

அம்மா, உன் பிடி இன்று சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. நம் வீடியோ கேம் பெட்டியின் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற பிடிகளில் இடது பக்கத்து நீலம் உன்னுடையது, சிவப்பு என்னுடையது. நீலத்தை மூக்கில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை பினாயில் வாசனை. விடுதி அறைகளைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது உன் கையில் இருக்குமே, சோப்பு போட்டாலும் போகாதே, அதே வாசனை. கொஞ்ச நேரம் எனக்கு மூச்சே விடத் தோன்றவில்லை.

அது எங்கே போயிருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் பதினாறாம் நாள் படையலில், அவளுக்குப் பிடித்ததெல்லாம் வையுங்கள் என்று அத்தை சொன்னாள். வடை வைத்தார்கள், கேசரி வைத்தார்கள், மல்லிகைப்பூ, வெற்றிலை, புதுப் புடவை. உனக்கு மிகவும் பிடித்தது அங்கே இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். யாரும் பார்க்காதபோது புடவை மடிப்புக்குள் உன் பிடியைச் செருகிவிட்டேன். படைத்த புடவையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது உன்னோடு விடுதியில் வேலை பார்த்த வசந்தா அக்காவுக்குப் போய்விட்டது.

நாளைக்கு உன் முதல் வருஷத் திதி. சமையலுக்கு ஒத்தாசை செய்ய வந்த வசந்தா அக்கா, இடுப்பில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து எல்லார் எதிரிலும் என்னிடம் நீட்டினாள்.

"பொடவைக்குள்ள இருந்துச்சுடி. மொதல்ல என்னான்னே தெரியல. பினாயில் பாட்டிலாண்ட பத்திரமா வெச்சிருந்தேன். ராத்திரில அம்மாவும் பொண்ணும் சண்ட போடுவீங்களே, அந்த கேம் பொட்டியோடதுதான இது? உங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

அவள் பாசமாகத்தான் சொன்னாள். ஆனால் அத்தையின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பாவைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஆச வெச்ச பொருளு வூட்லயே இருந்தா அவ எப்டிடா போவா? அதான் வருஷம் பூரா உனக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது."

கடை ஏணியிலிருந்து விழுந்தது, காலில் ஆறாத சர்க்கரைப் புண், எல்லாவற்றுக்கும் அப்பாவுக்கு ஒரே காரணம் கிடைத்துவிட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதைப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிட்டது. பெட்டி எங்கே என்று கேட்டார்கள். வேங்கிக்காலில் கூடப் படிக்கும் பெண் வீட்டில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். காலையில் படையலுக்கு முன்னால் வந்து சேர வேண்டும், வெளியே கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். பெட்டி இப்போது என் மடியில், போர்வைக்குள் இருக்கிறது.

விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பெட்டியை உன் கையில் வைத்துவிட்டுப் போனாள். நீ அதை டிபன் பாக்ஸ் என்று நினைத்துக்கொண்டு வந்தாய். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு கெட்டுப் போகும் என்பார், அதனால் அவர் தூங்கிய பிறகுதான் எடுப்போம். அடுப்புத் திருகு மாதிரிதானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நீ பிடியிலிருக்கும் குட்டிக் குச்சியைத் திருப்ப, திரையில் உன் ஆள் நேராக ஆற்றில் விழுந்தான். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் உனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கேம்களுக்கும் அதில் வரும் வில்லன்களுக்கும் வரிசை போட்டது யார் யோசனை என்று எனக்கு ஞாபகமில்லை. பௌர்ணமிக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டம் சேர்வதற்குள், நீயும் நானும் மலையைச் சுற்றுவோம். வழியில் வரும் எட்டு லிங்கங்களில் ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ஒரு இடம். நம் வீட்டிலிருந்து கிளம்பினால் முதலில் வாயு லிங்கம், அங்கே எட்டாவது வில்லன். கடைசியில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வருண லிங்கம், அங்கேதான் முதலிடம். மலை சுற்றுகிறவர்கள் திரும்பி நடக்கக் கூடாது, அதனால் சொன்ன இடத்தை மாற்றவும் கூடாது, மாற்றுவதானால் அடுத்த சுற்றில்தான் என்பது நீ போட்ட சட்டம். பின்னால் நடந்து வரும் பெரியவர்கள், நாம் ஏதோ சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டு போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

விளையாட்டுகளில் உனக்கு எப்போதும் அந்தப் படகு விளையாட்டுதான் முதலில். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் வீடு வீடாக விளக்கு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீ விளக்குகளைக் கொடுக்காமல் ஒரு வாசலில் படகைக் கட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். வேலை செய்யாமல் சும்மா நிற்பதற்கும் ஒரு கேம் வைத்திருக்கிறான் பார் என்பாய். எனக்கு வாள் சண்டைதான் முதலில், கோபுரம் ஏறும் கேம். நீ அதை ஐந்தாவதுக்குத் தள்ளிவிட்டாய். படி ஏறுவதை விடுதியிலேயே தினம் செய்கிறாயாம்.

வில்லன்களுக்கு நீ வைத்த பெயர்கள்தான் எனக்கு இன்னும் பெயர்கள். ஊரில் எல்லாக் கதவுகளையும் பூட்டுகிறவன் சாவிக் கிழவன். நான் திரும்பத் திரும்பச் செத்தது அவனிடம்தான், அதனால் அவனை மேலே வைத்தேன். "எங்க மேனேஜரு இவனவிட ஜாஸ்தி பூட்டு வெச்சிருக்காரு, போடி" என்று கீழே இறக்கிவிட்டாய். எட்டுக் கால் இயந்திரத்துக்கு இரும்பு மாமியார் என்று பெயர். சிரித்துக்கொண்டே வரும் ராஜாவுக்கு எப்போதும் கடைசி இடம், இவ்வளவு சிரிக்கிறவன் உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி என்பாய்.

எவன் பலசாலி என்று நான் பார்ப்பேன். நீ வேறு எதையோ பார்ப்பாய். கிராமங்களைக் கொளுத்திக்கொண்டு போகும் அந்தச் சின்னப் பையனை உன்னால் அடிக்கவே முடியவில்லை. பிடியை மடியில் வைத்துவிட்டாய்.

"இவன யாருனா ஒருத்தரு சாப்டியாடான்னு கேட்டிருந்தா, இவன் ஏன் பாப்பா கொளுத்தறான்?"

அவனுக்கு இரண்டாவது இடம் கொடுத்தாய், நிருதி லிங்கத்தில். அதுதான் நம் கடைசிச் சுற்று. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். மூச்சு குத்துகிறது என்றாய். முதலிடம் யாருக்கு என்று நான் கேட்டேன். பாக்கி இருக்கட்டும், கடைசிக் கேமை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாய். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வருண லிங்கம் ஆட்டோவின் ஓரமாகப் போயிற்று. அப்புறம் ஆஸ்பத்திரி.

அந்தக் கடைசிக் கேமைத்தான் இன்று எடுத்தேன். ஊரின் குரல் முழுவதும் விழுந்து கிடக்கும் கிணற்றுக்குள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கும் அக்கா தங்கை கதை. இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். நான்தானே பெரியவள் என்று நீ அக்காவை எடுத்துக்கொண்டாய். இன்று உன் பிடியை என் இடது கையில் வைத்துக்கொண்டேன், என்னுடையதை வலது கையில். முதலில் உன் ஆள் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தாள். போகப் போக நடந்தாள். கயிறு தொய்யாமல் இரண்டு பேரும் அடி வரைக்கும் போய்விட்டார்கள், அம்மா. போகும்போது இருட்டில் உன்னிடம் பேசிக்கொண்டேதான் போனேன்.

அங்கே சண்டை இல்லை. அடியில் இருக்கும் கடைசி வில்லி, கிணற்றுக்காரி, வாளும் எடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் வரும் அவள் இங்கிலீஷ் பேச்சை, உனக்கு வாசித்துக் காட்டுவது மாதிரி மெதுவாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். இருட்டாக இருக்கிறது, போகாதே, தனியாக இருக்க முடியவில்லை என்கிறாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. திரும்பி ஏறத் தொடங்கிய தங்கை கொஞ்சம் மேலே நின்று கயிற்றைப் பிடித்திருக்கிறாள். என் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள். விட்டால் தங்கை வெளியே போய்விடுவாள், ஊருக்குக் குரல் திரும்பிவிடும். அக்கா கிணற்றுக்காரியோடு கீழே இருந்துவிடுவாள் என்று திரையில் எழுதி வருகிறது.

கட்டை விரல் மரத்துப்போகும் வரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் நிறுத்திவைத்துவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன்.

அத்தை சொன்னது நிஜமா என்று எனக்குத் தெரியாது. நிஜமாக இருந்தால் நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். நீ போகாமல் இங்கேயே இருப்பாய், எனக்கு அதுதானே வேண்டும். ஆனால் அந்தக் கிணற்றுக்காரி காலைக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இந்த ஒரு வருஷமாக நான் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தினமும் சொன்னதும் அதே பேச்சுதான் என்று தோன்றியது. நீ இருந்தால் அவளைத் திட்டியிருக்க மாட்டாய். பிடியை மடியில் வைத்துவிட்டு அவள் தலையைத் தடவ வழி இருக்கிறதா என்று கேட்டிருப்பாய்.

உன் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் அத்தை பேசப் பேச அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஆனாலும், இவள் காலையிலிருந்து உனக்காக மாவு அரைத்துக்கொண்டு இருக்கிறாள், இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பதுதான் மனதில் ஓடியது. பெட்டி போனாலும் இதை யாரும் என்னிடமிருந்து வாங்க முடியாது.

காலையில் நானே கொண்டுபோய் அத்தை கையில் கொடுக்கப் போகிறேன், நீலமும் சிவப்பும் சேர்த்து. பொய் சொன்னதற்கு அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நிறுத்திய ஆட்டத்தைத் தொடர்ந்து, பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும். கயிறு விட்டதும் அக்காவின் முகத்தைக் காட்டுவார்களா என்று தெரியவில்லை. காட்டினால் நான் பார்ப்பேன், கண்ணை மூட மாட்டேன்.

வருண லிங்கத்துக்குப் போய்ச் சொல்ல நேரமில்லை, இங்கேயே சொல்கிறேன். முதலிடம் கிணற்றுக்காரிக்கு. உனக்கும் சரிதானே அம்மா? இரு, இப்போதே விரலை

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவா அத்தையா தெரியவில்லை, பேச்சுக் குரல் இல்லை, தட்டுவது மட்டும்தான். அம்மா, நான் விரலை எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.