பிளக் துளைக்குள் தேங்காயெண்ணெய்

இல்லை அண்ணே, இன்னும் விற்கவில்லை. விற்கச் சொல்பவர்கள் அதிகம் என்பதால்தான் விற்கவில்லை.

உன் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் என் கையில் இருக்கிறது. நேற்று கழற்றியது. மண்ணெண்ணெய் வாசனை வர வேண்டும். தேங்காயெண்ணெய் வாசனை வருகிறது.

நீ போன பிறகு நான் எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கிறேன்.

அன்று கிளிஞ்சல்மேட்டுக் கரையில் படகை விட்டு இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் படகை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் யாரோ எஞ்சினைக் கழற்றி வந்து நம் வீட்டுப் பின்பக்கம் சாத்தினார்கள். அதற்குள் நீ இல்லை. கருமாதி முடியும்வரை செத்தவன் தொழில் சாமானைத் தொடக் கூடாது என்றார் பெரியப்பா. கடலிலிருந்து வந்தால், எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மில் ஓடவிட்டு உப்பைக் கழுவாமல் நீ வீட்டுக்குள் வந்ததே இல்லை. நாங்கள் உனக்கு மரியாதை செய்தோம். உப்பு உள்ளேயே இருந்தது.

கருமாதி முடிந்து கயிற்றை இழுத்தேன். அசையவில்லை.

கோட்டுச்சேரி சாலையில் எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் செல்வம் அண்ணன் வந்து பார்த்தார். குனியக்கூட இல்லை.

"ஜாம் ஆயிடுச்சு பாப்பா. காயலாங்கடைக்குத்தான். வேணும்னா நானே எடுத்துக்கறேன்."

காயலாங்கடைக்குப் போவதை இவர் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு தடைக்காலத்தில், யாரும் கடலுக்குப் போகாத அந்த மாதங்களில், இதே எஞ்சினைப் பழுதுபார்க்கப் பட்டறையில் கொடுத்தாய். கொடுக்குமுன் என் நகப்பாலிஷை வாங்கி கார்புரேட்டரின் அடியில் ஒரு புள்ளி வைத்தாய். சாமானை மாற்றிவிட்டால் தெரிய வேண்டுமாம். "மெக்கானிக்க நம்பு. ஆனா பக்கத்துலயே உக்காந்துக்க." அப்போது சிரித்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்த எந்தப் புத்தகத்திலும் நகப்பாலிஷ் இல்லை.

அண்ணியையும் சந்தேகித்தேன். எஞ்சின் ஓடினால் படகை உன் கூட்டாளியிடம் பங்குக்கு விடலாம். அண்ணி இந்த வீட்டிலேயே இருக்கலாம். ஓடாவிட்டால் அவர்கள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், இடமில்லாத அந்த வீட்டுக்கு. அண்ணியோ "குடுத்துடலாம்மா, எதுக்கு வச்சிக்கிட்டு" என்றார்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்.

பட்டறைக்கு அனுப்பவில்லை. நம் வீட்டிலேயே பிரியுங்கள் என்றேன். நேற்று செல்வம் அண்ணன் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"இப்புடி மொறச்சுப் பாத்தா நட்டு எப்புடிக் கழலும்?"

பிளக்கைக் கழற்றினார். துளைக்குள் விரலை விட்டார்.

"எவன் இதுல எண்ணெய ஊத்துனது?"

பிளக்கை வாங்கி முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்.

"அன்னிக்கி நீங்க மட்டும்தானே வந்து பாத்தீங்க?" என்றேன்.

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு முடிகூட இல்லை. "தேங்காண்ணெய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம், நீயே சொல்லு."

"நான்தான் ஊத்துனேன்." அண்ணி. பின்வாசலில் நின்றிருந்தார்கள்.

"தடைக்காலம் வந்தா அவங்க பிளக்கக் கழட்டி ஆயில் விட்டுத்தான் எடுத்து வைப்பாங்க. ஒரு ராத்திரி அது ஞாபகம் வந்துச்சு. மூலைல உக்கார வச்ச பொம்பள எஞ்சின் ஆயில் எங்கன்னு கேட்டா என்ன சொல்வாங்க? தலைக்கு வச்சிருந்த பாட்டிலு இருந்துச்சு. எனக்குத்தான் இனிமே தேய்க்கக் கூடாதுன்னுட்டாங்களே. அதுதான் ஜாம் ஆக்கிடுச்சுன்னு பயந்துட்டேன். அதான் குடுத்துடலாம்னேன்."

செல்வம் அண்ணன் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். வெயில் சாய்ந்த பிறகு சிலிண்டரை மூடும் ஹெட்டைப் பிரித்தார். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாக உப்பு. சிலிண்டருக்குள் மட்டும் இல்லை.

"நகத்த வச்சு இழுத்துப் பாரு. மாட்டுதா?"

மாட்டவில்லை. வழவழப்பாக இருந்தது.

"கீறலு இல்ல. எண்ணெயும் கரியும் சேந்து பிஸ்டன் ரிங்கு ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான். எண்ணெ இல்லாட்டி துரு தின்னுருக்கும். உப்பக் கம்பிய விட்டுக் கொடஞ்சிரலாம். ரிங்கு வாங்கிட்டு வா, ஓடும்."

"அப்பறம் ஏன் காயலாங்கடைன்னீங்க?"

"அன்னிக்கித் தொறக்கலல்ல. தொறக்காம என்னத்தச் சொல்றது?"

"தொறக்காமதானே சொன்னீங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் துடைத்தார். அவரை நான் இன்னும் நம்பவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது இந்தச் சந்தேகம்தான். அதை விடுவதாக இல்லை. இப்போது என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்களில் அண்ணிக்கு அடுத்த அறையில்தான் இருந்தேன். அவர்கள் எழுந்தது, பின்கதவைத் திறந்தது, பழக்கமில்லாத பிளக்கோடு இருட்டில் மல்லுக்கட்டியது, எதுவும் என் காதில் விழவில்லையா? விழுந்தும் வேறு என்னவோ என்று எடுத்துக்கொண்டேனா?

இன்று காலை ரிங் வாங்க நானும் அண்ணியும் கிளம்பினோம். வாசலில் பெரியப்பா. "அவ எங்க கெளம்புறா? வருசம் திரும்பல."

"எஞ்சின் அவங்களுது பெரியப்பா."

நாகப்பட்டினத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.