மைனஸ் இரண்டுக்குக் கீழே

திருப்பூர்
3.3.2025

அன்புள்ள கனகாவுக்கு,

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் கணக்கை எழுதியே அனுப்புகிறேன்.

நம் ராயன் எடையில் இரண்டாம் பெர்சன்டைல் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நூறு பிள்ளைகளில் இரண்டு பேர்தான் அவனைவிட இளைத்தவர்கள். சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறான் என்று காட்டும் இசட் மதிப்பு மைனஸ் இரண்டுக்குக் கீழே போனால் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் அங்கன்வாடி டீச்சர். நீ படமெடுத்து அனுப்பிய பிளஸ் டூ புத்தக அட்டவணையில் 0.02ஐத் தேடினேன். 0.0199 இருந்தது. அதற்கு இசட் வெறும் 0.05. பையன் கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கிறான். சின்ன வயதில் நானும் நோஞ்சான்தானாம், அம்மா சொல்கிறாள். அவனை ஊசிக்குக் கொடுக்காதே.

உன்
மாதேஸ்வரன்

வெள்ளக்கடை
8.3.2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஒரே வகுப்பில் படித்தோம். கணக்கில் நீங்கள்தான் கெட்டி என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பின்னால் நிற்கிறவன் எப்படி நடுவில் இருப்பான்?

அந்த அட்டவணை பரப்பை நடுக்கோட்டிலிருந்து எண்ணுகிறது, இடது ஓரத்திலிருந்து அல்ல. நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் மொத்தம் 0.50. ஓரத்து 0.02ஐக் கழித்தால் 0.48. அட்டவணைக்குள் அதற்கு நெருக்கமானது 0.4798. அந்த வரிசையின் தொடக்கத்தில் 2.0, மேல் தலைப்பில் 0.05, கூட்டினால் 2.05. இடப்பக்கம் என்பதால் மைனஸ். மைனஸ் 2.05, டீச்சர் சொன்ன எல்லைக்குக் கீழே.

அத்தையும், "ஏங்கண்ணு, பையன் சிரிச்சுட்டுத்தான இருக்கறான், ஆஸ்பத்திரி எதுக்கு?" என்கிறார். நூற்றில் இரண்டு பேர் இப்படி இருக்கலாம். நமக்கு இருப்பவன் ஒருவன். எனக்கும் பயம்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அவனைத் தூக்கிக்கொண்டு சேலம் இறங்குகிறேன். நான் வேலை பார்க்கும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் லீவு சொல்லியாயிற்று. நீங்கள் வந்தால் நல்லது. வராவிட்டாலும் போகிறேன்.

கனகா

சேலம், ஆஸ்பத்திரி வாசல்
17.3.2025

கனகா,

குழந்தைகள் வார்டுக்குள் இப்போது ஆண்களை விடமாட்டார்களாம். நர்ஸ் மரியசெல்வியிடம் இந்தச் சீட்டைக் கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் மறுபடி போட்டுப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு 0.05ஐப் பார்த்ததும் சந்தோஷத்தில் போனை அணைத்துவிட்டேன். அதற்கு மேல் பார்க்கப் பயமாக இருந்தது. திட்டுவதென்றால் திட்டு.

மாதேஸ்வரன்

(அதே சீட்டின் பின்பக்கம்)

ஏனுங்க,

திட்ட நேரமில்லை. ராயன் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறான். எடை ஏன் ஏறவில்லை என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு டாக்டர் முடிவைச் சொல்வார். அப்பாவையும் உள்ளே விட வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள். அவர் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்போம். பாதியில் "ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கனகா