காட்டுக்கு வழி கேட்ட அண்ணனுக்கு

மகாராஜராஜஸ்ரீ அண்ணன் சமூகத்துக்கு,

நான் எழுதப்போவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று திருச்சுழிக் கோயில் வாசலில் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

அக்கா மகள் பிருந்தா கல்யாணத்துக்கு அழைத்தால், "அந்தக் காட்டுக்கு எதுல வாரது?" என்று கேட்டீர்களாம். சென்னைக் காற்று பட்டதும் பிறந்த ஊருக்கே வழி மறந்துபோகிற மகான் நீங்கள். ஆகவே ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

விமானம் இறங்கக் கண்மாயில் கருவேலத்தை வெட்டித் தளம் போட்டாயிற்று. தண்ணீர்தான் எப்படியும் வராதே.

மினிபஸ்ஸும் உண்டு. டிரைவர் நாகராஜ் வழியிலுள்ள விசேஷ வீடுகளில் எல்லாம் நிறுத்திக் கை நனைப்பவர். அருப்புக்கோட்டையில் ஏறிய வாலிபன் ஒருவன், பேரன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நம் ஊரில் இறங்கினான்.

அதுவும் தங்கள் திருமேனிக்கு ஆகாதென்றால், கரிமூட்டை லோடு வேனில் வரலாம். இறங்கும்போது முகமும் மனசும் ஒரே நிறத்தில் இருக்கும்.

வீடு பாகம் பிரித்த அன்று நாம் பேசிக்கொண்டதை இங்கே எழுத மாட்டேன். அதற்கும் போக்குவரத்துக்கும் சம்பந்தமில்லை.

தாங்கள் வராவிட்டால் சூரியன் உதிக்காது, மேளம் சத்தம் கொடுக்காது, சோறு வேகாது, பெண்ணும் மேடை ஏற மாட்டாள்.

இவ்வளவும் பொய். பெண் மேடை ஏற மாட்டாள் என்பது மட்டும் நிசம். மாலை எடுத்துக் கொடுக்க நான் நிற்கிறேன் என்றதற்கு அவள் சொன்னாள்: "நீங்க சும்மா இருங்க மாமா. யாரு மடியில உக்காந்து காது குத்திக்கிட்டேனோ, அவுக வரட்டும்."

இப்படிக்கு,
கூடப் பிறந்த பாவத்துக்கு,
தம்பி